மாரி இருட்டும் சைக்கிள் லைட்டும்: எதை வாங்குவது, யாரிடம் கேட்பது

(கிளிநொச்சியில் நடந்த கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, காணி உறுதி என்று பேசுகிற கூட்டத்தில் இன்றைக்குச் சைக்கிள் லைட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு இரண்டொருவர் சிரித்தீர்கள். சிரிக்கலாம். ஆனால் கிளையின் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். வேலை செய்கிற இடத்தில் பட்ட காயத்துக்குச் சமமாக வேலைக்குப் போகிற வழியில் பட்ட காயமும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. போன மார்கழியில் எங்கள் உறுப்பினர் ஒருவரைப் பின்னால் வந்த டிப்பர் தட்டிவிட்டுப் போனது. கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் வீட்டில் இருந்தார். நாட்கூலிக்காரருக்கு மூன்று மாதம் என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அவருடைய சைக்கிளில் பின் லைட் இருக்கவில்லை. இந்த மண்டபத்துக்கு வெளியே சாத்தி வைத்திருக்கிற சைக்கிள்களையும் உள்ளே வரும்போது பார்த்துக்கொண்டுதான் வந்தோம். பத்தில் ஒன்றிலாவது பின் லைட் இருந்தால் அதிசயம்.

முதலில் பொழுதின் கணக்கு. நாங்கள் வாத்திமார், கணக்கை விடமாட்டோம். நவம்பர் மாதத்தில் கிளிநொச்சியில் மாலை ஐந்தே முக்காலுக்கே சூரியன் மறைந்துவிடும். ஜனவரி நடுவில் காலை ஆறரை மணியளவில்தான் எழும்பும். மாரி தொடங்கும்போது பின்னேரம் திரும்பி வருகிற ஆள் இருட்டில் மாட்டிக்கொள்கிறார். தைப்பொங்கல் நேரத்தில் காலையில் போகிற ஆள் மாட்டிக்கொள்கிறார். வெளிநாட்டில் அந்தி வெளிச்சம் நெடுநேரம் நிற்கும். இங்கே பொழுது பட்டால் அரை மணிக்குள் கும்மிருட்டு. அதோடு மழை, அதிகாலைப் பனி. ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஐந்து மணிக்கே உள் வீதியிலிருந்து ஏ-9 வீதிக்கு வருகிற பிள்ளைகளும், பளைப் பக்கம் தென்னந்தோட்டத்துக்குப் போகிறவர்களும், தருமபுரம், விசுவமடுவிலிருந்து ஏ-35 வீதியால் வேலைக்கு வருகிறவர்களும் இந்த நான்கு மாதமும் இருட்டில்தான் மிதிக்கிறார்கள்.

வீதியும் உங்களுக்குத் தெரிந்த வீதிதான். மணல் ஏற்றிய டிப்பர் ஓடும். பின் லைட் இல்லாத லாண்ட்மாஸ்டர் முன்னால் போய்க்கொண்டிருக்கும். கட்டாக்காலி மாடுகள் மழை நாளில் தார் வீதியில் சூடு இருக்கிறதென்று நடுவீதியிலேயே படுத்திருக்கும். உள்ளுக்குப் போனால் கிரவல் வீதி, கிடங்கெல்லாம் தண்ணீர் நிரம்பி எது வீதி எது கிடங்கு என்று தெரியாது. வாய்க்கால் கட்டால் வருகிறவர்களுக்கு ஒரு அடி பிசகினால் தண்ணீர்.

வன்னியில் வெளிச்சத்தின் அருமையை யாரும் எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. 1958, 1977, 1983 என்று அடி வாங்கி மலையகத்திலிருந்து இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் நாங்கள். யுத்த காலப் பொருளாதாரத் தடையில் டோர்ச் பற்றரிகூட இந்தப் பக்கம் வரவிடவில்லை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணி ஜாம் போத்தல் விளக்கு எரித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். அந்த டைனமோவை இன்றைக்கு இளம் ஆட்கள் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்து நிறையப் பேர் சைக்கிளுக்குத் திரும்பினோம். சைக்கிளின் விலை எங்கேயோ போனது. அந்த விலை கொடுத்து வாங்கியவர்கள் லைட்டை மட்டும் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். கடைக்குப் போனால் எல்லாரும் முன் லைட்டைத்தான் கேட்கிறோம். எங்களுக்கு வழி தெரிய வேண்டும் என்று நினைக்கிறோம். நியாயம்தான். ஆனால் கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் பின் லைட்டை வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறோம். மணிக்கு 60 கிலோமீற்றரில் வருகிற வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடும். சாரதி உங்களைக் கண்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரைச் செக்கன் என்று வையுங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே 25 மீற்றர் முடிந்துவிட்டது. டிம் லைட்டில், மழையில், கறுத்த உடுப்புப் போட்ட ஆளை அவ்வளவு கிட்ட வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பெருவிரல் அளவு சிவப்பு லைட் ஒன்று சில நூறு மீற்றருக்கு அப்பாலேயே தெரியும். கிடங்கில் விழுந்தால் முழங்கால் உரசும். பின்னால் வந்து இடித்தால் உயிர் போகும்.

பின் லைட்டுக்குப் பெரிய வலு தேவையில்லை. இருபது, முப்பது லூமன் தாராளம். லூமன் என்பது லைட்டிலிருந்து மொத்தமாக வெளிவருகிற வெளிச்சத்தின் அளவு. பூட்டுகிற இடம்தான் முக்கியம். வெளிநாட்டுக்காரர் சீற்றுக்குக் கீழே உள்ள குழாயில் கட்டுவார்கள். எங்கள் சைக்கிளில் அது பிழை. எங்களுக்குக் கரியர் இருக்கிறது. கரியரில் தண்ணீர்க் கான், விறகு, அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளை, ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். சீற்றுக்குக் கீழே கட்டின லைட்டை அந்த மூட்டை மறைத்துவிடும். பிள்ளைகளின் பாவாடையும் மறைக்கும். ஆகவே கரியரின் பின் விளிம்பில் அல்லது பின் மட்காட்டில் கட்டுங்கள். லைட்டோடு வருகிற றப்பர் பட்டி எங்கள் வெயிலுக்கு ஒரு வருசத்தில் வெடித்துவிடும். அதற்காகப் புது லைட் வாங்காதீர்கள். பழைய டியூப்பை வளையமாக வெட்டிக் கட்டினால் அதைவிட நன்றாகப் பிடிக்கும்.

முன் லைட்டில்தான் ஏமாற்று வித்தை அதிகம். பெட்டியில் 1000 லூமன், 5000 லூமன், ஒரு பெட்டியில் 10000 லூமன் என்றும் கண்டோம். இதைக் கண்டுபிடிக்க ஆறாம் வகுப்புக் கணக்குப் போதும். பெட்டியில் எங்கேயாவது பற்றரியின் அளவு மில்லி அம்பியர் மணியில் எழுதியிருக்கும். 1200 என்று இருக்கிறதென்று வைப்போம். லிதியம் பற்றரியின் வோல்ட் 3.7. இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் ஏறக்குறைய நாலரை வாட் மணி. அதாவது நாலரை வாட் லைட்டை ஒரு மணிநேரம் எரிக்கலாம். நல்ல எல்.ஈ.டி. ஒரு வாட்டுக்கு நூறு லூமன் அளவில் தரும். ஆக 450 லூமன் ஒரு மணிநேரம், அல்லது 225 லூமன் இரண்டு மணிநேரம். அந்தப் பெட்டியில் 1000 லூமன் ஆறு மணிநேரம் என்று போட்டிருந்தால் அது பதின்மூன்று மடங்கு பொய். கடைக்காரருடன் சண்டை பிடிக்க வேண்டாம். அவரும் பெட்டியைப் பார்த்துத்தான் விற்கிறார். திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

கழற்றி மாற்றக்கூடிய பற்றரி உள்ள லைட்டிலும் இதே கதை. 18650 என்று ஒரு பற்றரி இருக்கிறது. 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம் என்பதுதான் அந்தப் பெயரின் கருத்து. அந்த அளவில் மிக நல்ல பற்றரிகூட 3500 மில்லி அம்பியர் மணி அளவில்தான் பிடிக்கும். 9900 என்று மேலே அச்சடித்திருந்தால் பொய். நல்லது 45 கிராம் அளவில் நிறை இருக்கும். கையில் எடுத்தால் வெறுங்கோது மாதிரி இருப்பதை வாங்காதீர்கள். ஆனாலும் எங்கள் அபிப்பிராயம், பற்றரி மாற்றக்கூடிய லைட்தான் நல்லது. உள்ளே அடைத்த பற்றரி செத்தால் லைட் முழுவதும் குப்பை.

எங்களுக்கு எவ்வளவு வேண்டும்? சைக்கிளில் மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் போகிற ஆளுக்குக் கிரவல் வீதியில் 200 லூமன், கூடினால் 300. வீதி விளக்கு உள்ள இடத்தில் 100 போதும். ஒரு நாளைக்கு இருட்டில் ஓடுவது மொத்தம் ஒரு மணிநேரம் என்றால், முன்பு சொன்ன 1200 பற்றரி லைட்டை இரண்டு நாளைக்கு ஒருக்கால் சார்ஜ் பண்ணினால் சரி.

தண்ணீர் விஷயம். பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 4 என்று இருந்தால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணிநேரம் தாக்குப்பிடிக்கும். எங்கள் மாரிக்கு 4 ஆவது வேண்டும். எதுவும் எழுதியிருக்கவில்லையென்றால் மழைக்குரிய லைட் இல்லை என்றே எடுங்கள். சார்ஜ் ஏற்றுகிற துவாரத்தின் றப்பர் மூடிதான் முதலில் போகும். கடையிலேயே திறந்து மூடிப் பாருங்கள், இறுக்கமாக உட்கார வேண்டும். ஈரத்தோடு சார்ஜில் போடக்கூடாது. துடைத்துக் காயவைத்த பிறகுதான்.

டைப்-சி துவாரம் உள்ள மலிவு லைட் சிலதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள புது போன் வயரில் சார்ஜ் ஏறாது. லைட் பழுது என்று எறிந்துவிடுவார்கள். ஒரு பக்கம் பழைய அகன்ற யூ.எஸ்.பி. உள்ள வயரைக் குத்திப் பாருங்கள், ஏறும். பழைய வயரை எறியாமல் வைத்திருங்கள்.

மெத்தைக்குக் கீழே, தலையணைக்குப் பக்கத்தில், தகரக் கூரை சூட்டில் வைத்து சார்ஜ் பண்ணாதீர்கள். வீங்கின பற்றரியைத் திரும்பப் பாவிக்காதீர்கள். மாரி முடிந்து லைட்டை எடுத்து வைக்கிறபோது முழுவதும் செத்த நிலையிலும் வைக்க வேண்டாம், முழுச் சார்ஜிலும் வைக்க வேண்டாம். பாதியில் நிழலான இடத்தில் வையுங்கள், அடுத்த ஐப்பசியில் எடுத்தால் வேலை செய்யும்.

ஒரு அக்கா கேட்டார்: "என்னத்துக்கு டீச்சர் இவ்வளவும்? போன் டோர்ச்சைக் கையில பிடிச்சிட்டுப் போனாப் பத்தாதா?" பத்தாது அக்கா. ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்தால் பிரேக் பாதிதான். மழை பெய்தால் போன் போச்சு. முக்கியமாக, முன்னுக்குப் பிடிக்கிற டோர்ச் பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. வீட்டில் போன் ஒன்றுதான், அதன் பற்றரி முடிந்தால் அவசரத்துக்குப் பேசவும் வழியில்லை.

இப்போது டைனமோ. ரீசார்ஜ் லைட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டு டைனமோவைப் புகழ்வது சிலருக்குப் பழைய காலத்து ஆள் மாதிரித் தெரியும். ஆனால் கரண்ட் இல்லாத நாளை மறந்துவிட்டோமா? 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது வன்னியிலும் மலையகத்திலும் எத்தனை ஊருக்கு நாட்கணக்கில் கரண்ட் இல்லை. சார்ஜ் இல்லாத லைட் வெறும் பிளாஸ்டிக் துண்டு. பழைய டைனமோ 6 வோல்ட், 3 வாட். அந்தக் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு அதே அளவு எல்.ஈ.டி. பல்ப் போட்டால் அதே மிதிப்பில் வெளிச்சம் பல மடங்கு. குறை இரண்டு. நின்றால் அணைந்துவிடும், சந்தியில் திரும்பக் காத்து நிற்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். மழையில் டயரில் வழுக்கும். ஆகவே முன்னுக்கு டைனமோ, பின்னுக்கு ரீசார்ஜ் சிவப்பு லைட் என்று வைத்துக்கொண்டால் செலவு குறைந்த நல்ல ஏற்பாடு. வீட்டு மூலையில் டைனமோ கிடந்தால் இரும்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள்.

காசே இல்லாதவர்களும் சும்மா போகத் தேவையில்லை. ஒளி தெறிக்கிற சிவப்பு ஸ்டிக்கரை மட்காட்டிலும், மஞ்சளைப் பெடலின் விளிம்பிலும் ஒட்டுங்கள். பெடலில் ஒட்டினது மேலும் கீழும் ஆடுவதால் சைக்கிள் போகிறதென்று சாரதிக்கு உடனே விளங்கும். ஆனால் ஸ்டிக்கர் வாகன வெளிச்சம் பட்டால்தான் மின்னும். லைட் இல்லாத லாண்ட்மாஸ்டருக்கு முன்னால் அது உதவாது.

மினுக்கி மினுக்கி எரிவதா, நின்று எரிவதா என்றும் கேட்கிறார்கள். மினுக்கினால் கவனத்தை இழுக்கும், ஆனால் எவ்வளவு தூரத்தில் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவர் மட்டுக்கட்டக் கஷ்டம். ஜேர்மனியில் சைக்கிள் லைட் மினுக்கக் கூடாது என்றே விதி. இருட்டில் நின்று எரிய விடுங்கள், மழை மப்புள்ள பகலில் வேண்டுமானால் மினுக்கலாம். முன் லைட்டைக் கீழே சாயுங்கள். நடு வெளிச்சம் பத்து மீற்றர் முன்னால் தரையில் விழ வேண்டும். எதிரே வருகிறவரின் கண்ணில் அடித்தால் அவர் தடுமாறி எங்கள் மேலேயே வருவார். யானைக்கு அடிக்கிற லைட் வேறு விஷயம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் போகிறவர்கள், யானையைக் கண்டால் லைட்டைக் காட்டி விளையாடாமல் வந்த வழியே திரும்புங்கள்.

இனி யாருடைய காசு என்ற கேள்வி. பிரித்தானியாவில் நூறு வருசத்துக்கு முன்பு பெரிய சைக்கிள்காரர் சங்கம் ஒன்று பின் லைட்டைக் கட்டாயமாக்குவதை எதிர்த்தது. இடிக்காமல் ஓட்டுவது பின்னால் வருகிறவனின் பொறுப்பு, அதை ஏன் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்பது அவர்களுடைய வாதம். 1939 இல் யுத்தம் வந்து ஊர் முழுக்க விளக்கணைத்தபோது பின் லைட் கட்டாயமாயிற்று. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. வேகமாக ஓடுகிற டிப்பர்காரரை விட்டுவிட்டு மிதிக்கிற கூலித் தொழிலாளியைக் குற்றவாளியாக்க நாங்கள் சம்மதிக்கமாட்டோம். ஆனால் நியாயம் பேசிக்கொண்டே பிணமாக வரவும் சம்மதிக்கமாட்டோம். இரண்டையும் செய்வோம். லைட்டும் பூட்டுவோம், கேட்க வேண்டியவரிடம் கேட்கவும் செய்வோம்.

1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தை உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். வேலைத்தலத்தில் காயம் பட்டால் நட்டஈடு. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற, வேலையிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் நடக்கிற விபத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால் கை தூக்குவது இரண்டு மூன்று பேர். ஆகவே வழியில் விபத்து நடந்தால் வீட்டில் எண்ணெய் பூசிக்கொண்டு படுக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். எந்த இடம், எத்தனை மணி, வேலைக்குப் போகும் வழி என்று மருத்துவக் குறிப்பில் எழுதுவியுங்கள். பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பிரதியை வாங்குங்கள். வேலைத்தலத்துக்கு எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியைச் சங்கத்தில் தாருங்கள். முறைப்பாட்டில் லைட் இல்லாமல் வந்தவர் என்று ஒரு வரி ஏறிவிட்டால் எதிர்ப்பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கும். லைட் பூட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழியில் படுகிற காயம் வேலைக் காயம் என்று சட்டமே சொல்கிறபோது, அந்த வழிக்கு வேண்டிய லைட்டும் வேலைச் சாமான்தான். கையுறை, காலணி மாதிரி. இருட்டு நேர வேலைக்கு ஆளை அழைக்கிற ஒவ்வொரு வேலைத்தலத்திடமும் முன் பின் இரண்டு லைட் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். பஸ் ஏற்றுகிற சந்திகளில் வீதி விளக்குக் கேட்டுப் பிரதேச சபைக்கு இன்னொரு கடிதம். உடனே கிடைக்கும் என்று சொல்லமாட்டோம். மலையகத்தில் எங்கள் உறவுகளின் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆவதற்கு எத்தனை வருசம் போனதென்று உங்களுக்குத் தெரியும்.

அதுவரைக்கும் சேர்ந்து வாங்குவோம். தனியாகப் போய்க் கேட்டால் ஒரு விலை, ஐம்பதாகக் கேட்டால் வேறு விலை. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாயில் சொல்லாமல் நாட்கூலியில் சொல்கிறோம். பின் லைட்டுக்கு ஒரு நாட்கூலிக்கு மேல் கொடுக்காதீர்கள். முன் லைட்டுக்கு இரண்டு நாட்கூலிக்கு மேல் போனால் அது எங்களுக்குரிய லைட் இல்லை. பணத்தை மூன்று தவணையில் கட்டலாம் என்று கிளைக் குழு முடிவு எடுத்திருக்கிறது. முதலில் ஐந்து லைட் வாங்கி, ஒரு வாளித் தண்ணீரும் மணிக்கூடும் வைத்து, எத்தனை மணிநேரம் எரிகிறது, நனைந்தால் என்ன ஆகிறது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கப்போகிறோம். தேறினதைத்தான் மொத்தமாக எடுப்போம். ஒன்றும் தேறாவிட்டால் வேறு வகையில் ஐந்து.

பெயர் கொடுக்கிறவர்கள் மேசையில் உள்ள கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள். பக்கத்தில் கடிதம் இரண்டும் இருக்கிறது, அதிலும் கையெழுத்து வேண்டும். காலை ஆறு மணிக்கு முன்னால் வேலைக்குப் போகிற பெண் பிள்ளைகளின் பெயரை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறோம். லைட் முதலில் அவர்களுக்குத்தான் போகும். டைனமோ வைத்திருப்பவர்கள் பெயருக்கு நேரே "டை" என்று ஒரு எழுத்துப் போடுங்கள். அவர்களுக்குப் பின் லைட்டும் எல்.ஈ.டி. பல்பும் மட்டும் எடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிள் கடைத் தம்பி ஒருவர் வந்து சும்மா பூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய டியூப் துண்டு இருந்தால் கொண்டுவாருங்கள்.